பண்டித ரமாபாய் சுமந்த பாரம்

மராட்டிய அந்தணர் குடியில் 1858இல் பிறந்த ரமாபாய் அம்மையார், இளமையிலேயே பெற்றோரையும் தமக்கையையும் பஞ்சத்திற்குப் பறிகொடுத்தார். 1880இல் சாதி கடந்து வங்க வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். இரண்டாண்டுக்குள் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார். 1883இல் இங்கிலாந்தில் கிறித்தவரானார். பண்டிதை எனப் போற்றிய நாவுகளே பின்பு தூற்றின.

1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்கெனச் சாரதா சதனம் தொடங்கினார். 1896-97 பஞ்சத்திலோ, பட்டினியால் வாடிய பெண்களைத் தேடிச்சென்று நூற்றுக்கணக்கில் அழைத்துவந்தார். புனே அருகே கேட்காவில் அமைந்த முக்தி இல்லத்தில் 1900 அளவில் 1,500க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அத்தனை வயிற்றுக்கும் ஒருவர் எவ்வாறு சோறிட்டார்? அவர் தனித்துச் சுமக்கவில்லை என்பதே என் கருத்து. மீட்கப்பட்ட பெண்களுக்கே எழுத்தறிவும் நெசவும் அச்சுத்தொழிலும் பயிற்றி, பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தார்.

துணைநின்ற மகள் மனோரமா 1921இல் மறைந்தார். மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பை முடித்த அம்மையார் 1922 ஏப்ரல் 5இல் கண்மூடினார். அந்நூல் 1924இல் முக்தி அச்சகத்திலிருந்தே வெளிவந்தது.