ஒரு குருவியும் ஒரு கேள்வியும்: பறவையியல் அறிஞர் சலீம் அலியின் வாழ்க்கை

பம்பாயின் கேத்வாடி பகுதியில் ஒரு யதீம் சிறுவன் வளர்ந்து வந்தான். 1896 நவம்பர் 12 அன்று சுலைமானி போஹ்ரா குடும்பமொன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தவன். ஒரு வயதில் தந்தை முயிஸுத்தீனையும் மூன்று வயதில் தாய் ஸீனத்துன்னிஸாவையும் இழந்தான். தாய்மாமா அமீருத்தீன் தய்யப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவனையும் அவனுடைய உடன்பிறந்தவர்களையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கு ஓர் ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். சிறுவன் சிட்டுக்குருவிகளைச் சுட்டு, முறைப்படி அறுத்து, சமைத்துச் சாப்பிடுவான். பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் விழுந்த குருவி வழக்கமானது போல் இல்லை. பெண் சிட்டுக்குருவியின் சாயல்தான். ஆனால் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு. ஒரு முஸ்லிம் இதை உண்ணலாமா, கூடாதா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குருவியை ஏந்திக்கொண்டு மாமாவிடம் போய் நின்றான்.

மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. தெரியாததை மறைக்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, தெரிந்தவரிடம் போய்க் கேள் என்று அனுப்பி வைத்தார். வெள்ளைக்காரத் துரையைப் பார்க்கப் பயந்து பயந்து போன சிறுவனை மில்லார்டு உட்கார வைத்துப் பேசினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பாடம் செய்யப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகள் இருந்த அலமாரிகளைத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். இந்தியாவின் மிகப் பெரிய பறவையியல் அறிஞர் டாக்டர் சலீம் அலியின் கல்வி அன்றுதான் தொடங்கியது.

இந்தச் சம்பவத்தில் நம்மைக் கவர்வது மில்லார்டை விட மாமா அமீருத்தீன்தான். நம் வீடுகளில் எத்தனை அத்தாமார் இப்படிச் செய்கிறோம்? செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் சாலையில் பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். இருபுறமும் பாறைக் குன்று, முட்புதர், மழை பெய்தால் நிரம்பும் ஏரி, வரிசையாகப் பனை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த நேரத்தில் பத்துக் கேள்வி கேட்கும். பதில் தெரியாத நாம், பேசாமல் வா என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று அறிவியல் புத்தகத்தில் இருக்கும் உணவுச் சங்கிலியை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதே வெட்டுக்கிளி நம் காலடியில் தாவிப் போவதைக் காட்டத் தவறிவிடுகிறோம்.

சலீம் அலி படிப்பில் சுட்டிப் பிள்ளை அல்ல. பதின்மூன்று வயதில் தீராத தலைவலியால் பள்ளிப் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. 1913ல் மெட்ரிகுலேஷனைத் தட்டுத் தடுமாறித்தான் தேறினார். பிறகு பர்மாவுக்குப் போய்க் குடும்பத்தின் சுரங்க, மர வியாபாரத்தைப் பார்த்தார். அது சரிப்படவில்லை. 1917ல் திரும்பி வந்து காலையில் வணிகக் கல்வி, அது முடிந்ததும் செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியல் என்று படித்தார். 1918ல் தெஹ்மினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை.

கிடைத்தது வேறொன்று. 1926ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை, மாதம் 350 ரூபாய் சம்பளம். மாணவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் கண்ணாடிக்குள் இருக்கும் உயிரினங்களைப் பற்றி விளக்குவது பணி. ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் பறவை அவருக்குப் போதவில்லை. 1928ல் விடுப்பெடுத்து பெர்லின் சென்று, பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். 1930ல் ஊர் திரும்பியபோது, நிதியில்லை என்று அவருடைய பணியிடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலையில்லாமல் பம்பாய்க்கு அருகே கீஹிம் என்னும் கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார். பலர் இதைச் சோதனைக் காலம் என்று எழுதுவார்கள். நாம் அதை அவருடைய உண்மையான மதரஸா என்போம். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுவதை மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி வரை பின்னி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து பார்க்கிறது. பிடித்தால் தங்குகிறது. அதன் பிறகே ஆண் குருவி நீண்ட வாசல் குழாயைப் பின்னி வேலையை முடிக்கிறது. பெண் அடைகாக்கும்போது ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையைத் தேடுகிறது. யாருக்கும் பிடிக்காத கூடுகள் பாதியிலேயே தொங்குகின்றன. இவ்வளவையும் பணமோ கருவியோ இன்றிப் பொறுமையால் மட்டுமே கண்டறிந்தார்.

அந்த ஆண்டுகளிலேயே அவர் எழுதிய இன்னொரு கட்டுரை நம் பிள்ளைகளுக்கு இன்னும் பொருத்தமானது. மாமரக் கிளையில் புல்லுருவி வளர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்கே எப்படி ஏறியது? பூக்கொத்தி என்னும் சின்னஞ்சிறு பறவை புல்லுருவிப் பழத்தைத் தின்கிறது. விதை பசை போல் ஒட்டும். வெளியேறும் விதையைப் பறவை கிளையில் தேய்த்துவிட்டுப் போகிறது. அங்கேயே அது முளைக்கிறது. தேன்சிட்டோ புல்லுருவிப் பூவில் தேன் குடித்து மகரந்தத்தைக் கடத்துகிறது. மரம், புல்லுருவி, இரண்டு பறவைகள். சூழல் மண்டலம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் இதைக் காட்டிவிட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பிறகு சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி. செலவை மட்டும் கொடுங்கள், சம்பளம் வேண்டாம் என்ற ஏற்பாட்டில் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று காடு காடாக அலைந்தார். தெஹ்மினாவும் கூடவே முகாம்களில் தங்கினார். 1939ல் அவர் இறந்தது சலீம் அலிக்குப் பேரிழப்பு. 1941ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய முதல் நூல் வந்தது. சாதாரண மக்கள் படம் பார்த்துப் பறவையை அடையாளம் காண உதவிய நூல் அது. டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளியானது.

நம் தமிழகத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. கோடியக்கரைக்கு வரும் வலசைப் பறவைகளின் முக்கியத்துவத்தை எடுத்துக் காட்டியவர்களில் அவர் முதன்மையானவர். அவருடைய கழகத்தினர் அங்கே பறவைகளின் காலில் எண் பொறித்த வளையமிட்டு, அவை எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்ந்தார்கள். பரத்பூர் சதுப்பு நிலத்தைக் காக்கவும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வராமல் தடுக்கவும் குரல் கொடுத்தார். சர்வதேசப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாக ஆக்கிவிட்டார்.

சில விஷயங்களை மறைக்கத் தேவையில்லை. ஆய்வுக்காக அவர் பறவைகளைச் சுட்டிருக்கிறார். அக்கால ஆய்வு முறை அப்படி. இன்று பிள்ளைகளுக்கு பைனாகுலரும் கேமராவும் போதும். மார்க்க அனுஷ்டானங்களில் தமக்கு ஈடுபாடு குறைந்துபோனதையும் அவரே சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அதில் அவரைப் பின்பற்றச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. பூமியில் ஊரும் பிராணிகளும் சிறகடிக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை அல்அன்ஆம் சூராவில் ஓதுகிற நாம், அந்தச் சமுதாயங்களை அறிந்துகொள்ள அவரளவு நேரம் செலவழித்தோமா என்பதுதான் நம் கேள்வி.

1958ல் பத்ம பூஷண், 1976ல் பத்ம விபூஷண், 1985ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி. அதே 1985ல் வெளிவந்த சுயசரிதைக்கு அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டு விழுந்ததையே தலைப்பாக வைத்தார். 1987 ஜூனில், தொண்ணூறு வயதில் காலமானார். கோயம்புத்தூர் ஆனைகட்டியில் 1990ல் அமைந்த பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனைகட்டி வரை போக வசதியில்லாத பெற்றோர் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு சிங்கவரம் சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும் ஒரு பனை கிடைத்தால் போதும். முழுதாக முடிந்த கூடுகள் எத்தனை, பாதியில் நின்றவை எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே மரத்தடிக்குப் போய் மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.