பதினொரு வருடத் தபால்

மானிப்பாயில் இன்றும் கிறீன் என்ற பெயரில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தவர் என்பது எம்மிற் பலருக்குத் தெரியும். தன் நாட்டுக்குத் திரும்பிப் போன பிறகும் அவர் தம்மிடம் படித்தவர்களை விட்டுவிடவில்லை என்பது அவ்வளவாகத் தெரியாது. படித்து முடித்துத் திக்குத் திக்காகப் பிரிந்துபோன நாம் அறியவேண்டிய பகுதி அதுதான்.

அவர் 1822இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரிற் பிறந்தார். 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்று, 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிலிருந்து மறு வருடமே மானிப்பாய்க்குப் போனார். நோயாளரைப் பார்ப்பதோடு, இளைஞர் சிலரைச் சேர்த்து ஆங்கிலத்தில் வைத்தியமும் படிப்பித்தார்.

படித்தவர்கள் தேறினார்கள். தேறியதும் நல்ல சம்பளம் தேடி அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். இது கிறீனை வருத்தியது. (வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் கோபிக்க வேண்டாம். இங்கே இருக்கும் எம்மிலும் எத்தனை பேர் கொழும்பைக் கேட்டு விண்ணப்பித்தோம்!) 1864இல் அவர் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மொத்தம் 60க்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். அவர்களிற் பாதிப்பேர் அளவில் தமிழிலேயே படித்தவர்கள்.

தமிழிற் படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். தனியாக அல்ல, தம்மிடம் படித்த சப்மன், டான்போர்த், போல் போன்றவர்களைக் கூட வைத்துக்கொண்டு செய்தார். வாத்தியாரும் மாணாக்கரும் ஒரே தாளின் மேல் குனிந்திருந்து சொல் தேடினார்கள். பின்னாளைய உறவுக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது என்பது எமது எண்ணம்.

உடல்நலம் கெட்டு, 1873இல் மனைவி பிள்ளைகளோடு வூஸ்ரருக்குத் திரும்பினார். அதன்பின் இலங்கைக்கு அவர் வரவில்லை. ஆனால் மானிப்பாய்க்கும் வூஸ்ரருக்கும் இடையே தபால் ஓடிக்கொண்டே இருந்தது. கப்பலில் ஒரு கடிதம் போய்ச்சேர வாரக்கணக்காகும். பதில் வர இன்னும் அவ்வளவு. அந்த இடைவெளியைத் தாண்டித்தான் வேலை நடந்தது: இரசாயனம் பற்றிய கெமிஸ்தம் 1875இலும், உடற்றொழிலியல் பற்றிய மனுஷ சுகரணம் 1883இலும், மருந்துச் சரக்குகளைப் பற்றிய நூல் 1884இலும் வெளிவந்தன. கடைசி நூல் வந்த அதே வருடம் மே மாதம் 28ஆந் திகதி அவர் காலமானார். தமிழர்களுக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தமது கல்லறையில் எழுதும்படி கேட்டிருந்தார். அப்படியே எழுதினார்கள்.

எமது வகுப்புக் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் விடியற்காலையில் இருபது ரோசாப்பூ, இருபது சலாம், பெருநாளென்றால் நூறு. அதுவும் வேண்டும்தான், யார் உயிரோடிருக்கிறார் என்றாவது தெரிகிறது. ஆனால் கிறீனின் தபாலில் ஒரு வேலை இருந்தது. இங்கிருப்பவர் எழுதியதை அங்கிருப்பவர் திருத்த, அங்கிருப்பவருக்குத் தெரியாததை இங்கிருப்பவர் சொல்ல வேண்டியிருந்தது. இரு பக்கமும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள்.

கிறீனுக்குப் பின் தமிழ் வைத்திய வகுப்பு நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலேயே நடந்தது. நாமும் ஆங்கிலத்திற் படித்தவர்கள்தான். நற்பிட்டிமுனையிலிருந்து வரும் ஒரு தாய்க்குச் சீனி வருத்தம் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்று விளக்க வேண்டிய நேரத்தில் சொல்லுக்குத் தடுமாறுகிறோம்.

ஆகவே எமது வகுப்பு வைத்தியர்கள் சேர்ந்து, சீனி வருத்தக்காரருக்கான சிறு தமிழ்க் கையேடு ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு அத்தியாயம் முடிந்தது. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியைகள் சொற்களைப் பார்த்துத் தரவேண்டும். வெளிநாட்டில் தாதியராக இருப்பவர்கள் காலைப் பராமரிப்பது பற்றிய பகுதியை எழுதலாம். வயது போன அக்காமார், உங்கள் உம்மாமார் இந்த வருத்தங்களை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினாலே போதும். சங்கத்தின் விலாசம் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.