கண்ணையும் கலக்கத்தையும் அளந்தவர்: வைத்தியர் ரிவர்ஸ்

திருகோணமலைக் கடற்கரையில் விடிகாலை வேளையில் நின்று பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். கரைவலைத் தொழிலாளி ஒருவர் கடலைச் சற்று நேரம் உற்றுநோக்கிவிட்டு, மீன்கூட்டம் வருகின்ற திசையைக் கைநீட்டிக் காட்டுவார். அருகில் நிற்கும் வெளியூரவருக்கோ நீரைத் தவிர வேறெதுவும் தென்படாது. இவர்களுடைய கண்ணே வேறு என்று வியந்தபடி அவர் நகர்ந்துவிடுவார்.

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிவுலகமும் ஏறக்குறைய இவ்வாறுதான் எண்ணியிருந்தது. ஆனால் அந்த வியப்பில் ஒரு நஞ்சு கலந்திருந்தது. காட்டையும் கடலையும் நம்பி வாழும் மக்களுக்குப் புலன்கள் விலங்குகளுக்குரியவை போன்று கூர்மையானவை, ஆதலால் சிந்தனை மழுங்கியது என்பதே அக்கருத்தின் மறுபக்கமாகும். இதனை நூலறிவால் வாதிடாமல், அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு அம்மக்களிடமே சென்று சோதித்த முதல் சிலருள் தலையாயவர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர். குடும்பப் பெயர் இருமுறை வருவது அச்சுப்பிழையன்று. அவருடைய முழுப்பெயரே அதுதான்.

1864இல் இங்கிலாந்தின் கென்ற் மாநிலத்தில் மதகுரு ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தந்தையார் திக்குவாய்க்குச் சிகிச்சை அளிப்பவராகவும் விளங்கினார். மகனுக்கோ திக்குவாய் இறுதிவரை முற்றாக நீங்கவில்லை. தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்ட், கறுப்பின மக்கள் பிறப்பாலேயே தாழ்ந்தவர்கள் என்று மேடையேறிப் பேசிய மானிடவியலாளர். அந்த வீட்டிலிருந்து இந்த மருமகன் தோன்றினார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. இன்னொரு விநோதமும் உண்டு. ஐந்து வயதுவரை தாம் வாழ்ந்த வீட்டின் மேல்மாடியை ரிவர்ஸினால் ஒருபோதும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. விழித்திருக்கும்போது எந்தப் பொருளையும் மனக்கண்ணில் தெளிவாகக் காணும் ஆற்றலும் அவரிடம் அறவே அற்றுப்போயிருந்தது. காட்சியை ஆராயப் புறப்பட்டவர், மனக்காட்சி இல்லாத ஒருவர்.

இளம் வயதிலேயே, 1886இல், வைத்தியப் பட்டம் பெற்று, கப்பல் வைத்தியராகக் கடல்கடந்து, பின்னர் நரம்பியல் பயின்றார். 1893இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புலன் உறுப்புகளின் உடற்றொழிலியலைக் கற்பிக்க அழைக்கப்பட்டார். பிரித்தானியாவின் முதலாவது உளவியல் ஆய்வுகூடங்கள் 1897இல் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் நிறுவப்பட்டபோது இரண்டிலுமே அவருடைய கை இருந்தது. மருந்து, மது ஆகியவை மனிதனில் ஏற்படுத்தும் விளைவை ஆராய்ந்தபோது, உண்ணுவது மருந்தா வெறும் கலவையா என்பது உண்பவருக்கே தெரியாதவாறு அவர் ஏற்பாடு செய்தார். இன்று மருந்துப் பரிசோதனைகள் பலவற்றுக்கும் அடிப்படையாகிவிட்ட முறை அது.

1898இல் ஹடன் என்பவரின் தலைமையில் அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட ரொறெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற குழுவில் ரிவர்ஸும் இருந்தார். தீவு மக்களின் பார்வைக்கூர்மையை எழுத்தட்டை கொண்டு அளந்தார். பெறுபேறு எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. அவர்களது கண் ஐரோப்பியரின் கண்ணைவிடச் சிறிதளவே கூர்மையாக இருந்தது. தொலைவில் வரும் படகை அவர்கள் முந்திக் காண்பது கண்ணின் அதிசயத்தாலன்று. எதைத் தேட வேண்டும், அது எங்கே எவ்வாறு தோன்றும் என்ற பட்டறிவினாலேயே.

நம்முடைய மண்ணுக்கு மிக அண்மையில் அவர் பணியாற்றிய இடம் நீலகிரி. 1901–1902 காலப்பகுதியில் உதகமண்டலத்தைச் சூழ்ந்த மந்துகளில், அப்போது ஏறத்தாழ 800 பேராக மட்டுமே இருந்த தோடர்களிடையே பல மாதங்களைக் கழித்தார். தமிழுக்கு உறவான திராவிட மொழியொன்றைப் பேசும் அந்த எருமை மேய்ப்பர்களைப் பற்றி அவர் 1906இல் வெளியிட்ட பெருநூல் மானிடவியல் மாணவர்களுக்கு நன்கு தெரிந்ததே. அதைவிடக் குறைவாக அறியப்பட்டது, தோடர்களின் புலன்களைப் பற்றி 1905இல் அவர் வெளியிட்ட கட்டுரை.

சம நீளமான இரு கோடுகளை வாசகர்கள் வரைந்து பார்க்கலாம். ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத்தலை போல உள்நோக்கி மடியும் சிறு கோடுகளையும், மற்றதன் முனைகளில் வெளிநோக்கி விரியும் சிறு கோடுகளையும் இட்டால், இரண்டாவது நீளமானதாகத் தோன்றும். கண்ணை ஏமாற்றும் இத்திரிபுக்காட்சியில் படித்த ஆங்கிலேயர் ஏமாந்த அளவுக்குத் தீவு மக்களும் தோடர்களும் ஏமாறவில்லை! அதேவேளை, நிமிர்ந்த கோட்டைக் கிடைக்கோட்டைவிட நீளமாகக் காணும் மற்றொரு திரிபில் அவர்களே கூடுதலாக ஏமாந்தனர். ஒருவர் எல்லாவற்றிலும் உயர்ந்தவர், மற்றவர் எல்லாவற்றிலும் தாழ்ந்தவர் என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை. செவ்வக அறைகளும் நேர்க்கோட்டுத் தெருக்களும் நிறைந்த சூழலில் வளர்வது கண்ணை ஒருவகையில் பழக்குகின்றது என்று 1960களில் ஆய்வாளர் சிலர் இதற்கு விளக்கம் தந்தனர். அவ்விளக்கம் இன்றும் விவாதத்துக்குரியதே. காண்பதில் கண்ணின் பங்கு பாதி, மனத்தின் தீர்ப்பு மீதி என்பதை 11ஆம் நூற்றாண்டிலேயே தம் ஒளியியல் நூலில் வகுத்துரைத்த இப்னுல் ஹைதமை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது.

ரிவர்ஸ் பிழையே செய்யாதவர் அல்லர். நீல நிறத்துக்குத் தனிச்சொல் இல்லாத தீவு மக்களுக்கு நீலத்தை உணரும் திறனே சற்றுக் குறைவு என்று அவர் கருதியதைப் பிற்காலத்தவர் ஏற்கவில்லை. புலனறிவில் மிகுதியாக ஊன்றுவது உயர்சிந்தனையைப் பாதிக்கும் என்ற பழங்கருத்தின் சாயலும் அவருடைய 1901ஆம் ஆண்டு அறிக்கையில் எஞ்சியிருந்தது. அளவீடு ஒன்றைச் சொல்ல, அளந்தவரின் காலம் வேறொன்றைச் சொல்லியது.

அதே குழுவில் சென்ற செலிக்மன் என்னும் வைத்தியர் பின்னர் தம் மனைவி பிரெண்டாவுடன் இலங்கைக்கு வந்து வேடர்களை ஆராய்ந்தார். 1911இல் வெளியான அவர்களது நூல், தமிழ் பேசும் கரையோர வேடர்களையும் தவறவிடவில்லை. வேடர்களின் புலன்களும் அதில் ஆராயப்பட்டுள்ளன. மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரைப் பகுதிகளில் இன்றும் அம்மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அக்குழுவின் மற்றொரு வைத்தியரான மயர்ஸ்தான் 1915இல் எறிகணை அதிர்ச்சி என்ற சொல்லை மருத்துவ ஏட்டில் முதன்முதலாக எழுதியவர். ரிவர்ஸின் வாழ்வும் அந்தத் திசையிலேயே திரும்பியது.

முதலாம் உலகப் போரில், உடலில் காயமின்றிப் பேச்சிழந்தும் நடுங்கியும் உறக்கமின்றியும் திரும்பிய படையினரைக் கோழைகள் என்று ஏசும் வழக்கம் இருந்தது. 1916இல் எடின்பரோ அருகேயுள்ள கிறெய்க்லொக்ஹார்ட் இராணுவ வைத்தியசாலைக்கு வந்த ரிவர்ஸ் அதை ஏற்கவில்லை. நடந்ததை மறந்துவிடுங்கள், வேறு எதையாவது நினையுங்கள் என்று உறவினரும் வைத்தியரும் நல்லெண்ணத்தோடு கூறும் அறிவுரையே பலரை மேலும் நோயாளிகளாக்குகின்றது என அவர் கண்டார். பகலெல்லாம் அடக்கிய நினைவு இரவில் கனவாகத் திரும்பியது. இதனை விளக்கி 1917 டிசெம்பரில் அவர் ஆற்றிய உரை அடுத்த ஆண்டு அச்சேறியது.

அதில் வரும் ஓர் அதிகாரியின் கதை மறக்கவியலாதது. காணாமற்போன நண்பனைத் தேடிச் சென்றவர், வெடித்துச் சிதறிய உடலையே கண்டார். அன்று முதல் இரவுதோறும் அதே காட்சி. ரிவர்ஸ் அவருடன் அமர்ந்து, உடல் அவ்வளவு சிதைந்திருந்தது என்றால் மரணம் நொடிப்பொழுதில் நேர்ந்திருக்கும், நண்பர் வேதனைப்பட்டிருக்கமாட்டார் என்பதை எடுத்துக்காட்டினார். பின்னர் வந்த கனவில் அவர் நண்பரின் அருகே மண்டியிட்டார். விழித்தபோது பயம் இருக்கவில்லை, துயரம் மட்டுமே இருந்தது. எல்லோருக்கும் இவ்வழி பயன்படவில்லை. ஆறுதலுக்கு ஒரு துரும்பும் கிடைக்காத நினைவைக் கொண்ட ஒருவரைப் பேசும்படி அவர் வற்புறுத்தவில்லை. படையை விட்டு நீங்கும்படியே ஆலோசனை கூறினார்.

2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு ஓடிய முஸ்லிம் குடும்பங்களும், சம்பூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வாகரை வழியே மட்டக்களப்புக்கு நடந்த தமிழ்க் குடும்பங்களும் கேட்டது ஒரே ஓசையைத்தான். 2004 டிசெம்பர் 26இன் கடலும் இருவருக்கும் ஒன்றே. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும், கலியாண வீட்டுப் பட்டாசுக்குத் திடுக்கிட்டு எழும் பெரியவர்களை இரு சமூகத்தவர் வீடுகளிலும் காணலாம். பிள்ளைகள் சிரிப்பார்கள். மறந்துவிடுங்கள் அப்பா, மறந்துவிடுங்கள் வாப்பா என்பார்கள். அந்தத் திடுக்கிடல் பலவீனமன்று என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லப் போதிய ஆட்கள் நம்மிடையே இருக்கவில்லை.

ரிவர்ஸின் பணியில் ஒரு முரண் இருந்தது. அதை மறைப்பது முறையன்று. குணமாக்கிய படையினரை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவதே அரசு அவருக்கு அளித்த வேலை. 1917இல் போர் நீடிக்கப்படுவதைப் பகிரங்கமாகக் கண்டித்த கவிஞரும் வீரருமான சசூன், இராணுவ விசாரணைக்குப் பதிலாக அவரிடம் அனுப்பப்பட்டார். அக்கவிஞர் ஈற்றில் போர்முனைக்குத் திரும்பினார். ஆனால் அந்த உரையாடல்கள் வைத்தியரையும் அசைத்துவிட்டன. சீருடை அணிந்திருந்தபோதும் தமக்குள்ளே போருக்கு எதிரான எண்ணம் முளைத்திருந்ததைத் தம் கனவொன்றினூடாக அவரே கண்டுகொண்டு எழுதி வைத்தார்.

போருக்குப் பின்னர் கூச்சம் நீங்கிய, நண்பர் சூழ்ந்த மனிதராக அவர் மாறினார் என்பர். 1922இல் தொழிற்கட்சியின் சார்பில் பாராளுமன்றத் தேர்தலில் நிற்க இணங்கினார். வாக்கெடுப்புக்கு முன்னரே, அவ்வாண்டு ஜூன் 4ஆம் திகதி, குடலிறக்கம் முறுகியதனால் கேம்பிரிட்ஜில் காலமானார். வயது 58. அந்தக் கனவைப் பற்றிய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது.