பாணந்துறையில் பிறந்து மதுரைக்கு வந்த பேராசிரியர் உவைஸ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்த பழைய கிதாபுகளைத் துணிப்பையில் கட்டி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரபி எழுத்தாக இருக்கிறது, குப்பையில் போட மனம் வரவில்லை, முறைப்படி புதைத்துவிடுங்கள் ஹஜ்ரத் என்றார்கள். பிரித்துப் பார்த்தேன். எழுத்துதான் அரபி, மொழி தமிழ். அரபுத் தமிழில் அச்சான ஒரு மாலை இருந்தது. கூடவே தமிழ் எழுத்தில் ஒரு நூறு மசலா, முன்பக்கங்கள் உதிர்ந்துபோன இன்னொரு புத்தகம். அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு காலத்தில் ராகம் போட்டு ஓதியவையாக இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அது தமிழ் என்றே தெரியவில்லை.

இப்படிப் பரண்களில் கிடந்தவற்றை எல்லாம் தமிழ் இலக்கியம் என்று பல்கலைக்கழகத்தில் நிறுத்திக் காட்டியவர் மர்ஹூம் பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்கள். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரையாவது சொல்லி வைக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அவர் 1922ஆம் ஆண்டு இலங்கையின் தென்மேற்குக் கடற்கரையில், பாணந்துறைப் பகுதியில் பிறந்தார். சுற்றிலும் சிங்களம் பேசும் ஊர்கள், வீட்டில் தமிழ். இரண்டு மொழிகளும் அவருக்குக் கைவந்தன. பிற்காலத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் புகழ்பெற்ற சிங்கள நாவலான கம்பெரலியவைக் கிராமப் பிறழ்வு என்று தமிழாக்கியதும் அவரே.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் தமிழ் படிக்கப் போன காலத்தில் அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் சுவாமி விபுலானந்தர். இந்த முஸ்லிம் மாணவரை இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் பக்கம் திருப்பிவிட்டவர் அந்தத் துறவிதான். நம்மவர் பொக்கிஷத்தை நமக்குச் சுட்டிக்காட்ட ஓர் இராமகிருஷ்ண மடத்துத் துறவி வர வேண்டியிருந்தது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. விபுலானந்தர் 1947இல் காலமானார். உவைஸ் அந்தப் பாதையை விட்டு விலகவில்லை. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்பதையே முதுகலை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு 1951இல் முடித்தார். 1953இல் அந்த ஆய்வு ஆங்கில நூலாக வெளிவந்தது.

அந்தக் காலத்துத் தமிழ் இலக்கிய வரலாறுகளில் முஸ்லிம் புலவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. உமறுப்புலவர், சீறாப்புராணம், போனால் குணங்குடி மஸ்தான் சாஹிபு, அத்தோடு முடிந்துவிடும். 1572இலேயே வண்ணப் பரிமளப் புலவர் ஆயிர மசலாவைப் பாடியிருக்கிறார். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று அரபு, பாரசீக மரபுகளின் சாயலோடு தமிழில் தனி இலக்கிய வகைகளே உருவாகியிருந்தன. இவற்றைத் தேடி எடுத்து, வகை பிரித்து, இவை தமிழுக்குக் கிடைத்த புதுச் செல்வங்கள் என்று நிறுவுவதற்கே உவைஸ் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

கொழும்பு ஸாஹிராக் கல்லூரியிலும் பிறகு வித்யோதயப் பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார். ஆனால் வகுப்பறையோடு இந்த வேலை முடியாது. நூல்கள் இருந்தது ஊர் ஊராக, வீடு வீடாக. அங்கேதான் மாநாடுகள் கைகொடுத்தன. 1966இல் இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊர். பஞ்சும் நூலும் அறிந்த இராஜபாளையத்துக்காரர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தோன்றாது. 1973இல் திருச்சியிலும், பிறகு சென்னையிலும், 1978இல் காயல்பட்டினத்திலும், 1979இல் கொழும்பிலும், 1990இல் கீழக்கரையிலும் மாநாடுகள் நடந்தன. இந்த முயற்சிகளில் உவைஸ் அவர்களின் உழைப்பு பெரிது.

மாநாடு என்றால் நமக்குப் பந்தலும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். அவை மறுநாளே போய்விடும். மாநாட்டு மலர்களும் கட்டுரைத் தொகுப்புகளும் இன்றைக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஆதாரமாக இருக்கின்றன. உவைஸ் அவர்களின் 1953ஆம் ஆண்டு ஆங்கில நூல் மறுபடி அச்சேறியதும் கீழக்கரை மாநாட்டை ஒட்டித்தான்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று தனி இருக்கை ஏற்பட்டபோது, அதன் முதல் பேராசிரியராகக் கடல் கடந்து வந்து பொறுப்பேற்றார். அங்கே பீ. மு. அஜ்மல்கான் அவர்களோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதத் தொடங்கினார். முதல் தொகுதி 1986இல் வெளிவந்தது, தொடர்ந்து பல தொகுதிகள் வந்தன. உள்ளதைச் சொன்னால், அவை ஒரே மூச்சில் படிக்கிற புத்தகங்கள் அல்ல. காப்பியம் காப்பியமாக, மாலை மாலையாக, எழுதியவர் யார், என்ன பாடினார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகும். சில இடங்களில் எனக்கே அலுப்புத் தட்டியதுண்டு. ஆனால் அந்தப் பொறுமை இல்லாவிட்டால் எத்தனையோ புலவர்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சியிருக்காது.

இராஜபாளையத்தில் நான் படித்து வாங்கிய பட்டச் சான்றிதழில் இருப்பதும் அதே பல்கலைக்கழகத்தின் முத்திரைதான். ஓதி முடித்து ஸனது வாங்கியபின் கலைப்பட்டம் படிக்கப் போனவன் நான். சீறாப்புராணத்தில் சில பாடல்களைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். அதே பல்கலைக்கழகத்தில் இப்படி ஒருவர் இருந்து பணி செய்திருக்கிறார் என்பதை நான் யாரிடமும் கேட்டு அறியவில்லை. மதரஸாவில் ஓதியது தனி, கல்லூரித் தமிழ் தனி என்று மனதுக்குள் ஒரு சுவர். அந்தச் சுவரே தேவையில்லை என்று அவருடைய தொகுதிகளைப் புரட்டிய பிறகுதான் புரிந்தது.

1996இல் அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையை நான் புதைக்கவில்லை. வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. அரபுத் தமிழ் மாலையில் நாலு வரி ஓதிக் காட்டியதும், வீட்டு மருமகள் தன் உம்மும்மா இதை ஓதக் கேட்டிருப்பதாகச் சொல்லி, அடுத்த வரியைத் தானே எடுத்தார். முன்பக்கம் இல்லாத அந்த மூன்றாவது புத்தகம் மட்டும் என் மேசையில் இருக்கிறது. உவைஸ் அவர்களின் தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.