கேமரன் அம்மையாரும் புகைப்படக் கலையும்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இளமையிற் பழகாத ஒன்றை முதுமையிற் பழகுதல் அரிது என்பதே அதன் கருத்து. பெரும்பாலோர் வாழ்வில் இஃது உண்மையாகவே விளங்குகின்றது. ஆயினும், ஆர்வம் என்னும் நெருப்பு உள்ளத்திற் பற்றிக்கொண்டால் வயது அதற்குத் தடையாவதில்லை. தம் நாற்பத்தெட்டாம் வயதில் முதன்முதலாகக் காமிராவைத் தொட்டு, சில ஆண்டுகளிலேயே அக்கலையின் முன்னணியில் இடம்பெற்ற ஓர் அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்றாகும். அவர்தாம் ஜூலியா மார்கரெட் கேமரன்.

ஜூலியா 1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்தவர். தாயார் பிரெஞ்சு மரபில் வந்தவர். ஜூலியா தம் கல்வியைப் பெரும்பாலும் பிரான்சு நாட்டிலேயே பெற்றார். அவருடைய சகோதரிமார் அழகிற் சிறந்தவர் எனப் பெயர் பெற்றிருந்தனர். ஜூலியாவோ அழகால் அன்றி, அறிவாலும் அன்பாலும் ஓயாத ஊக்கத்தாலுமே பிறர் கருத்தைக் கவர்ந்தார்.

இருபது வயதளவில் உடல்நலம் குன்றவே, அவர் தென்னாப்பிரிக்காவிலுள்ள நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தங்கினார். அங்கே இருவருடைய நட்பு அவருக்குக் கிடைத்தது. ஒருவர், வானநூல் வல்லுநர் சர் ஜான் ஹெர்ஷல். மற்றவர், சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். இலங்கையில் 1833-இல் நடைமுறைக்கு வந்த கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தங்களோடு தொடர்புடைய கேமரன் இவரே. வயதில் தம்மினும் இருபது ஆண்டு மூத்த அவரை ஜூலியா 1838-இல் கல்கத்தாவில் மணந்தார். ஹெர்ஷலின் நட்போ அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. புகைப்படக் கலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் போட்டோகிராபி என்னும் பெயரை 1839-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஹெர்ஷல். படம் மங்கிவிடாமல் நிலைக்கச் செய்யும் இரசாயனப் பொருளின் பயனை எடுத்துக்காட்டியவரும் அவரே. அக்கலை பிறந்த செய்தியை அவர் மடல் வாயிலாகக் கல்கத்தாவிலிருந்த தம் தோழியாருக்கு அறிவித்தார். அன்று விழுந்த விதை முளைக்க இருபதாண்டுகளுக்கு மேல் ஆயின.

1848-இல் கேமரன் குடும்பத்தார் இங்கிலாந்து சென்றனர். 1860-இல் வைட் தீவிலுள்ள பிரஷ்வாட்டர் என்னும் சிற்றூரில் குடியேறினர். இலங்கையில் தமக்குரியதாயிருந்த காப்பித் தோட்டத்தின் பெயரைத் தழுவி அவ்வீட்டிற்கு டிம்போலா எனப் பெயரிட்டனர். அண்டையிற் குடியிருந்தவர் ஆங்கில நாட்டு அரசவைப் புலவர் டெனிசன். ஆறு மக்களைப் பெற்ற அம்மையார், ஆதரவற்ற பிள்ளைகள் சிலரையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். விருந்தும் சுற்றமும் நிறைந்திருந்த அவ்வில்லத்தில் நாளடைவில் அமைதி குடிபுகுந்தது. மகள் மணமாகிச் சென்றார். மைந்தருள் மூத்தோர் தத்தம் வழியே பிரிந்தனர். கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றிருந்தார். பிறருக்காகவே ஓடியாடிப் பழகிய அம்மையாரைத் தனிமை வாட்டியது.

தாயின் மனநிலையை மகள் அறிந்தார். 1863-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருநாளை ஒட்டி, அவரும் அவர் கணவரும் அம்மையாருக்கு ஒரு காமிராவைப் பரிசாக அளித்தனர். தனிமையிற் பொழுது போக்க உதவும் என்பதே அவர்கள் எண்ணம். அம்மையாருக்கோ அது பொழுதுபோக்குப் பொருளாக நின்றுவிடவில்லை. வாழ்வின் இரண்டாம் பகுதிக்கே திறவுகோலாயிற்று.

அக்காலத்தில் புகைப்படம் எடுத்தல் இக்காலத்திற்போல் எளிய செயலன்று. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைநீரைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பின்பு இருட்டறையில் அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். தகட்டின் ஈரம் உலருமுன் காமிராவிற் பொருத்திப் படமெடுத்து, உடனே மீண்டும் இருட்டறைக்குக் கொண்டுசென்று உருவத்தை வெளிப்படுத்த வேண்டும். அதன் பின்னர்க் கழுவி, உலர்த்தி, மெருகு பூசி, கதிரவன் ஒளியில் தாளிற் பதிக்க வேண்டும். படத்திற்கு அமர்ந்திருப்பவர் சில நிமிட நேரம் சிலைபோல் அசையாதிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் உழைப்பு முழுவதும் வீணாகும். வெள்ளி நைட்ரேட்டு, கையிற் பட்டால் கருங்கறையாய்ப் படிந்துவிடும். அம்மையாரின் கைகளும் உடைகளும் மேசை விரிப்புகளும் என்றும் அக்கறையோடே காணப்பட்டன.

வீட்டிலிருந்த நிலக்கரிக் கிடங்கை அவர் இருட்டறையாக்கினார். கோழிகளை விடுவித்துவிட்டு, கோழிக்கூண்டாயிருந்த கண்ணாடிக் கூடத்தைப் படம் எடுக்கும் அறையாக்கினார். கற்பிக்க ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. முதற்படத்திற்கு, அவ்வூர்க் குடியானவர் ஒருவரை மணிக்கணக்கிற் கூலி கொடுத்து அமரச் செய்தார். படம் நன்றாகவே விழுந்தது. ஆனால், அறியாமையால் ஈரப் படலத்தின்மேல் அவர் கையை வைத்துவிடவே, உருவம் அழிந்துபோயிற்று. அம்மையார் மனம் தளரவில்லை. பிழை எதனால் நேர்ந்ததெனக் கண்டு, மறுபடியும் முயன்றார்.

1864-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஒரு நாள் ஆனி என்னும் சிறுமி அவர்முன் அமர்ந்தாள். அன்று எடுத்த படம் எவ்விதக் குறையுமின்றி அமைந்தது. அம்மையாரின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அப்படத்தைத் தந்தவள் அச்சிறுமியே என்னும் நன்றிப் பெருக்கால், அவளுக்குக் கொடுக்கத்தக்க பரிசு தேடி வீடு முழுவதும் ஓடினார். அன்றைக்கே படத்தைத் தாளிற் பதித்து, சட்டமிட்டுச் சிறுமியின் தந்தையாரிடம் சேர்ப்பித்தார். அதுவே தம் முதல் வெற்றி என்று அதன்மேற் குறித்தும் வைத்தார். ஐம்பதை நெருங்கிய ஒருவர் சிறு குழந்தைபோல் துள்ளி மகிழ்ந்த அந்நாளே, அக்கலை அவருக்கு அளித்த முதற் கொடை எனலாம்.

அதன்பின் அவருடைய வீட்டுக்கு வந்தவர் எவரும் காமிராவிற்குத் தப்பவில்லை. பணிப்பெண்கள், ஊர்ச் சிறுவர், உறவினர், வழிப்போக்கர் ஆகிய அனைவரும் அவர் படங்களில் தேவமாதராகவும் வானவராகவும் காவிய மாந்தராகவும் உருப்பெற்றனர். அடுப்பங்கரையில் உழைக்கும் பெண்ணின் முகத்திலும் அன்னை மரியாளின் சாயலை அவர் கண்டார். கலை கண்ணைத் திறந்துவிட்டால் எளியவர் முகமும் எழில் வடிவாகத் தோன்றும் என்பதை அவர் உணர்ந்தார்.

அவருடைய முறை பிறர் முறையினின்றும் வேறுபட்டது. அக்காலப் புகைப்படக்காரர் பலரும் உடையின் பொத்தான் முதலாக நாற்காலியின் கால் ஈறாக எல்லாம் கூர்மையாகத் தெரிவதையே சிறப்பாகக் கருதினர். அம்மையாரோ முகத்தை மட்டும் மிக அண்மையிற் கொண்டுவந்து, ஒருபுறத்திலிருந்து ஒளியை விழச் செய்து, எஞ்சியவற்றை நிழலில் மறைத்தார். காமிராவின் வில்லையை நகர்த்தும்போது உருவம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய அளவில் நிறுத்திக்கொண்டார். ஆதலால், அவர் படங்கள் மென்பனியூடே காணும் காட்சிபோல் விளங்கின. முகத்தின் புறவடிவோடு அகத்தின் இயல்பையும் பதிவு செய்தலே அவர் விரும்பிய குறிக்கோள்.

இப்புது முறையைத் துறைவல்லோர் ஏற்கவில்லை. புகைப்பட இதழ்கள் அவர் படங்களை மங்கலானவை என்றும், கவனமின்றி எடுக்கப்பட்டவை என்றும் இகழ்ந்தன. கறையும் கீறலும் விரல் அடையாளமும் காணப்படுகின்றன என்று சுட்டிக்காட்டின. அக்குறைகளிற் சில உண்மையானவையே. எனினும், பிறர் புகழுக்காகத் தம் நோக்கை மாற்றிக்கொள்ள அம்மையார் இசையவில்லை. ஹெர்ஷல், ஓவியர் வாட்ஸ் போன்ற பெரியோர் அவரை ஊக்கினர். 1865-இல், இன்று விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்கும் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது. பெர்லினில் நடந்த கண்காட்சியில் 1865-இல் வெண்கலப் பதக்கமும் 1866-இல் தங்கப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தன. உள்நாட்டு வல்லுநர் குறை கூறிய படங்களையே அயல்நாட்டார் போற்றினர்.

டெனிசன், கார்லைல், பிரௌனிங், டார்வின், அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோ முதலிய சான்றோர் பலர் அவர் காமிராவின்முன் அமர்ந்தனர். 1867-இல் எடுத்த ஹெர்ஷலின் படத்தில், வெண்மயிர் சூழ்ந்த அம்முதியவரின் முகம் இருளிடையே எழும் திங்கள்போல் ஒளிர்கின்றது. டெனிசனோ தம் படத்தைக் கண்டு, அழுக்குடைத் துறவிபோல் இருப்பதாக நகையாடினார். ஆயினும், அதனை மிகவும் விரும்பினார். டார்வினும் தம் படங்களுள் அம்மையார் எடுத்ததே தமக்கு மிகவும் பிடித்தது என்று எழுதிக்கொடுத்தார்.

அவர் படங்களாற் பயன்பெற்ற எளியவரும் உண்டு. தாயோடு இரந்து வந்த மேரி ரயன் என்னும் சிறுமியை அம்மையார் தம் இல்லத்திற் சேர்த்துக் கல்வி புகட்டினார். அவள் அம்மையாரின் பல படங்களில் இடம்பெற்றாள். அவற்றைக் கண்காட்சியிற் கண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் அவளை விரும்பி, 1867-இல் மணந்துகொண்டார். பிற்காலத்தில் 1904-ஆம் ஆண்டு பம்பாயிற் கூடிய இந்திய தேசியக் காங்கிரசிற்குத் தலைமை தாங்கிய சர் ஹென்றி காட்டன் அவரே.

இக்கலையால் அம்மையார் செல்வம் ஈட்டினாரா எனின், இல்லை. இலங்கைத் தோட்டங்களின் வருவாய் குறைந்துவந்த காலம் அது. படங்களை விற்றுக் குடும்பத்திற்கு உதவலாம் என அவர் எண்ணினார். ஆனால், தகடும் மருந்தும் தாளும் வாங்கிய செலவிற்கு ஈடாக வரவு அமையவில்லை. கேட்டவர்க்கெல்லாம் படங்களை வாரி வழங்கிய கொடையுள்ளமும் அதற்கு ஒரு காரணம். எனினும், அவர் பெற்ற ஊதியம் வேறு வகையது. தனிமை நீங்கியது, நட்பு பெருகியது, ஒவ்வொரு நாளும் செய்வதற்கொரு செயலும் காண்பதற்கொரு புதுமையும் கிடைத்தன. பணத்தால் அளக்கவொண்ணாத அவ்வூதியத்தை அவர் கைவிட விரும்பவில்லை.

1873-இல், காமிராவைப் பரிசளித்த அருமை மகள் பிள்ளைப்பேற்றின்போது இறந்தார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு அம்மையார் தம் பணியைத் தொடர்ந்தார். மறு ஆண்டு தம் கலை வாழ்வைப் பற்றிய சிறு வரலாறு ஒன்றை எழுதத் தொடங்கினார். டெனிசனின் காவியத்திற்குப் படங்கள் எடுத்துத் தந்தார். நூலில் அவை சிறிய அளவில் அச்சிடப்பட்டமை கண்டு வருந்தி, அவற்றைப் பெரிய அளவில் தாமே வெளியிட்டார்.

1875-இல் கணவரும் மனைவியும் இங்கிலாந்தை விட்டு இலங்கையிற் சென்று குடியேறினர். களுத்துறையிலும் மலைநாட்டிலும் அவர்கள் வாழ்ந்தனர். தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் காப்பித் தோட்டங்களில் வியர்வை சிந்திய காலம் அது. புகைப்படத்திற்கு வேண்டிய பொருள்கள் அங்கு எளிதிற் கிடைக்கவில்லை. எனினும், அறுபது கடந்த அம்மையார் அங்கும் காமிராவை மறக்கவில்லை. ஆங்கில நாட்டுப் புலவரையும் அறிஞரையும் படமெடுத்த அதே கருவியால், களுத்துறைக் குடியானவரையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். அங்கு எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதிற்கும் குறைவே. தம் பெயரும் வரலாற்றில் எழுதப்பெறாத அவ்வெளிய மக்களின் முகங்கள் அப்படங்களில் இன்றும் நம்மை நோக்குகின்றன.

1879-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அம்மையார் உலக வாழ்வை நீத்தார். மறு ஆண்டு அவர் கணவரும் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் தேவாலயத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். மலையும் பசுமையும் சூழ்ந்த அவ்விடத்தை இன்றும் காணலாம்.

அம்மையார் மறைந்தபின் அவர் புகழ் சில காலம் மங்கியிருந்தது. அவருடைய தங்கையார் வழிப் பேர்த்தியாகிய எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ப் முதலியோர் 1926-இல் அவர் படங்களைத் தொகுத்து வெளியிட்டனர். அதன்பின் உலகம் அவரை மீண்டும் நினைவுகூர்ந்தது. டிம்போலா இல்லம் இன்று அருங்காட்சியகமாகத் திகழ்கின்றது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு படங்கள் அவருடையன என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். எவற்றை மங்கலானவை என்று ஒரு காலத்தில் எள்ளினரோ, அவற்றையே கலைக்கூடங்கள் செல்வமெனக் காத்துவருகின்றன.

இன்று நம்மிற் பலர் கையில் காமிரா இருக்கின்றது. ஒரு நொடியில் ஒரு படம் எடுத்துவிடலாம். மறு நொடியில் அதனை மறந்தும்விடலாம். கேமரன் அம்மையாரோ ஒரு முகத்தைப் படமெடுக்க ஒரு பகற்பொழுதையே செலவிட்டார். அத்தனை நேரமும் அம்முகத்தை அன்போடு உற்றுநோக்கினார். அவருக்குக் கிட்டிய இன்பம் கருவியிலிருந்து வந்ததன்று, அவ்வுற்றுநோக்கலிலிருந்தே வந்தது. நாமும் நமக்கு விருப்பமான ஒரு கலையைத் தேர்ந்து, பிழைக்கு அஞ்சாது, இகழ்ச்சிக்குத் தளராது, நாள்தோறும் பயில்வோமாயின், புகழ் வந்தாலும் வாராவிடினும் உள்ளம் நிறைவு பெறும். தொடங்குவதற்கு எந்த வயதும் ஏற்ற வயதே.