உடலைத் தமிழில் உரைத்த மருத்துவர் கிறீன்

இறைவன் படைத்த மனித உடல் ஓர் அரிய ஒழுங்கின் உறைவிடம். நுரையீரல் ஏற்கும் உயிர்வளியை இதயம் குருதியின் வழியே உடலெங்கும் அனுப்புகிறது. குடல் உணவின் சாரத்தையும் நீரையும் உறிஞ்சித் தருகிறது. சிறுநீரகம் கழிவைப் பிரித்து, உடல்நீரின் அளவைக் காக்கிறது. இவற்றுள் ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தடுமாறும். இந்த அறிவைத் தமிழர்க்குத் தமிழிலேயே புகட்ட இயலும் என்று நம்பி, அதற்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பெருமகனார் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர் என்பதே வியப்பு.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். இரண்டாண்டுகளுக்குப் பின், அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டு நோயாளிகளைக் கவனித்தார். 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். தமிழை ஆர்வத்துடன் பயின்றார்.

அந்நாளில் யாழ்ப்பாணத்தை அடிக்கடி வாட்டிய நோய்களுள் கொடியது வாந்திபேதி. அந்நோய் கண்டவரின் குடல், நீரை உறிஞ்சும் தன் தொழிலை மறந்து, உடலின் நீரையே வெளியே கொட்டுகிறது. நீரோடு உப்புகளும் வெளியேறுகின்றன. குருதி குறுகித் தடிக்கிறது, நாடி தளர்கிறது, சிறுநீர் நின்றுபோகிறது. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மாண்டுவிடுவதும் உண்டு. ஓர் உறுப்பின் பிழை உடல் முழுவதையும் சாய்ப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இந்நோயை விளைக்கும் நுண்ணுயிரை இராபர்ட் கோக் ஆராய்ந்து நிறுவியதோ 1884ஆம் ஆண்டளவில்தான்.

ஊருக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்பதைக் கிறீன் உணர்ந்தார். ஆனால் ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசு வேலையும் கூடுதல் ஊதியமும் நாடி வெளியூர் சென்றனர்; சிற்றூர்கள் முன்போலவே மருத்துவரின்றிக் கிடந்தன. எனவே 1864 முதல் மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பிக்கலானார். ஊர்மொழியில் பயின்றவர் ஊரிலேயே தங்குவார். நோயாளிக்கு நோயை விளக்கவும் வல்லவராவார் என்பது அவர் கருத்து.

கற்பிக்க நூல் வேண்டுமே! அதையும் அவரே முன்னின்று ஆக்கினார். மாணவர்களும் துணை நின்றனர். அறுவை மருத்துவத்திற்கு 1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் எனத் தமிழுருப் பெற்றது. வேதியியலுக்கு 1875இல் கெமிஸ்தம் வந்தது. உடலுறுப்புகள் இயங்கும் முறையைக் கூறும் மனுஷ சுகரணம் 1883இல் வெளியாயிற்று. கலைச்சொற்களைத் தேர்வதில் அவர் பிடிவாதம் காட்டவில்லை. தமிழில் உள்ளதை முதலில் நாடினார், வடமொழியிலிருந்தும் எடுத்தார், இரண்டிலும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வடித்தார்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் தாயகம் திரும்பினார். உடல் இயங்கும் விதத்தைப் பிறர்க்கு உரைத்தவரின் உடலே ஓய்வு கேட்டது. ஆயினும் வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டில், 1884இல், கண்மூடினார். அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை அவர் நினைவைப் போற்றி வருகிறது.

அவர் சமயப் பணியாளராகவே வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அறிவுக்குச் சமய வேலி இல்லை என்பதை இஸ்லாமிய வரலாறு நன்கறியும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் கலீபாக்கள் காலத்தில், கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ அறிஞர். அரபியில் வேரூன்றிய அவ்வறிவு அங்கேயே நின்றுவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு அந்நஃபீஸ் என்னும் முஸ்லிம் மருத்துவர் காலெனின் கூற்றையே மறுத்தார். இதயத்தின் வலப்புறக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று எழுதி வைத்தார். தன் மொழியில் கற்றவன் வினவத் துணிகிறான். வினவுபவனே புதியது காண்கிறான்.

கிறீனின் சொற்கள் பல இன்று வழக்கிழந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று. ஆனால் அவர் எழுப்பிய தேவை தீரவில்லை. கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஒரு பெரியவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தால், பரிசோதனைத் தாள் ஆங்கிலத்தில்தான் வருகிறது. கல்லூரியில் படிக்கும் பேரனை அழைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். பேரன் ஆங்கிலச் சொல்லைப் படித்துக் காட்டுகிறான்; பொருளைச் சொல்லத் தமிழின்றித் தயங்குகிறான். பல ஆண்டுகள் கட்டுக்கடங்காத சர்க்கரையும் குருதி அழுத்தமும் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளைச் சிதைத்துவிடும் என்பதை முன்னரே தாய்மொழியில் உணர்ந்திருந்தால், அத்தாள் வாராமலே காத்திருக்கலாம்.

இது நடவாத கனவன்று. உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீரை, பேதியுற்ற குடலும் ஏற்கும் என்பது 1960களில் உறுதிப்பட்ட உண்மை. அது எளிய மொழியில் வீடுகளை அடைந்ததால் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தனர். ஒரு வரி அறிவு, புரியும் மொழியில் சென்றதன் பயன் அது.

மாணவச் செல்வங்களே! அறிவியல் பயில்வோர் தம் பாடத்தில் ஒன்றையேனும் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழ் பயில்வோர் அதற்குச் சொல் தந்து துணை நில்லுங்கள். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழிக்குச் செய்த பணியை நாம் தொடர்வதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றி.