மாணவனுக்கு ஒரு பக்கம்: தமிழவேள் கோ. சாரங்கபாணி



நம்ம மன்றத்தின் ஊடகப் பட்டறை ஜார்ஜ்டவுனில் நடந்ததே, அதில் நானும் இருந்தேன். பொறியியல் படிக்கிற உனக்கு அங்கே என்ன வேலைன்னு கூட்டாளிங்க கேட்டாங்க. சும்மாதான் போனேன். பத்திரிகையில் பல வருசம் வேலை பார்த்தவர், வானொலியில் செய்தி வாசித்தவர், கேமரா பிடிக்கிறவர் என்று நாலைந்து பேர் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்திருந்தாங்க. ஒரு வெள்ளி சம்பளம் கிடையாது. மத்தியானச் சாப்பாடு மட்டும்தான்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பற்றி ஒரு செய்திக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. நான் பக்தர்கள் வெள்ளம், அலைகடல், விண்ணைப் பிளந்த அரோகரா என்று போட்டுத் தாக்கி எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது தாள் முழுக்கச் சிவப்பு மை. பந்தலில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்தாங்க? அரிசி மூட்டை யார் கொடுத்தது? ராத்திரி ரெண்டு மணிக்கு அண்டாவைக் கழுவியது யார்? இப்படி ஓரத்தில் கேள்வியா இருந்தது. எனக்கு ஒரு கேள்விக்கும் பதில் தெரியாது. கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. கட்டுரையை மடித்துப் பையில் போட்டவன், திருத்தி எழுதவே இல்லை.

அன்றைக்குக் கடைசியில் அந்தப் பத்திரிகைக்காரர் ஒரு பேரைச் சொன்னார். இந்த நாட்டில் மாணவர்கள் எழுத்தைத் திருத்தி அச்சில் போடும் பழக்கத்தைப் பெரிதாக வளர்த்தவர் கோ. சாரங்கபாணி, முடிந்தால் அவரைப் பற்றிப் படிங்க என்றார். தமிழ் முரசு பத்திரிகையின் நிறுவனர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் கேட்டேன். மணிமன்ற மலர் என்றதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே சொல்றேன்.

திருவாரூரிலிருந்து சிங்கப்பூர்

சாரங்கபாணி 1903 ஏப்ரலில் திருவாரூரில் பிறந்தவர். 1924-இல் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 21, கிட்டத்தட்ட இப்போ என் வயசு. பெரிய பட்டமோ பணமோ அவரிடம் இல்லை. கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்து மலாயாத் தமிழர் நிலையை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும். பால்மரத் தோட்டம், துறைமுகம், ரயில் பாதை, நகராட்சிக் கூலி வேலை என்று உழைத்தவர்கள்தான் பெரும்பாலோர். ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது சாதியும் கூடவே ஏறி வந்துவிட்டது. சம்பள நாளில் கள்ளுக்கடை பாதிக் காசைப் பிடுங்கிக்கொள்ளும். பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிதான், அதுவும் சில வகுப்புகள் வரைக்கும்தான்.

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். கப்பலை விட்டு அவர் முதலில் இறங்கியது நம்ம பினாங்கில்தான். அந்தச் சீர்திருத்த அலையில் சேர்ந்த இளைஞர்களில் சாரங்கபாணியும் ஒருவர். முன்னேற்றம் என்ற வார இதழில் எழுதிப் பத்திரிகைத் தொழிலைப் பழகினார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியபோது அதில் முன்னணியில் நின்றார்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லணும். நாம் இந்து இளைஞர் அமைப்பு. அவர் சுயமரியாதை இயக்கத்தின் வழி வந்தவர். சடங்குகளையும் சாதியையும் வெளிப்படையாகக் கேள்வி கேட்டவர். சீனப் பெண்மணியான லிம் பூன் நியோவை மணந்து, பேசினதை வீட்டிலும் செய்து காட்டியவர். அவர் கருத்து எல்லாவற்றையும் நம் வாசகர்கள் ஏற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோயிலில் தேவாரம் பாடுகிற பிள்ளைக்கும், பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் போகிற தமிழ்ப் பிள்ளைக்கும் அவர் பத்திரிகையில் ஒரே பக்கத்தில் இடம் இருந்தது. அந்தப் பக்கத்தின் பலன் நம் தாத்தா பாட்டிகள் வரைக்கும் வந்திருக்கிறது. அதனால் அவரைப் பற்றி நம் இதழில் எழுதுவது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

முரசு கொட்டிய கதை

1935 ஜூலை 6-ஆம் தேதி தமிழ் முரசு பிறந்தது. சீர்திருத்தச் சங்கத்தின் வார இதழாகத்தான் அது தொடங்கியது. சங்கத்தால் செலவைத் தாங்க முடியாமல் போனதும் சாரங்கபாணி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1937-இல் அது நாளிதழ் ஆனது. ஜப்பான்காரன் காலத்தில் நின்றுபோய், போர் முடிந்த பிறகு மறுபடியும் எழுந்தது. 1946-இல் இந்தியன் டெய்லி மெயில் என்ற ஆங்கில நாளிதழையும் தொடங்கினார்.

தமிழ் முரசு சிங்கப்பூரில் அச்சானாலும் மலாயா முழுவதும் போனது. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்ட காலம் அது. ஒரு பிரதியை எத்தனை பேர் வாசித்தாங்க என்று கணக்கே போட முடியாது.

1952-இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். சாதி, மதம் பார்க்காமல் எல்லாத் தமிழரும் ஒன்றாகக் கொண்டாட ஒரு நாள் வேண்டும் என்பதுதான் நோக்கம். மேடையில் பெரியவர்கள் பேசிவிட்டுப் போவதோடு அது முடியவில்லை. மாணவர்களுக்குப் பேச்சு, கட்டுரை என்று போட்டிகள் வைத்தார்கள். அந்த விழா சிங்கப்பூரோடு நிற்காமல் மலாயாவின் ஊர்களுக்கும் பரவியது.

மணிமன்றம்

இப்போ நான் முக்கியமாகச் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

1950-களின் தொடக்கத்தில் தமிழ் முரசு மாணவர்களுக்கென்றே ஓர் இணைப்பை வெளியிடத் தொடங்கியது. அதன் பேர் மாணவர் மணிமன்ற மலர். பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பும் கதை, கவிதை, கட்டுரை எல்லாம் அதில் வந்தன.

இதில் என்ன பெரிசு என்று கேட்கலாம். இன்றைக்கு நாம் ஒரு பதிவு போட அரை நிமிசம் போதும். அன்றைக்குத் தமிழ்ப் பத்திரிகையை எழுத்து எழுத்தாகக் கையால் கோத்தாங்க. அச்சுக்கோப்பவர் பெட்டியில் இருக்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கணும். தமிழில் உயிர்மெய் எழுத்துகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் கோக்க மணிக்கணக்கில் ஆகும். தலைவரின் பேச்சைக் கோக்கிற அதே கையும் அதே ஈயமும்தான் தோட்டத்துப் பையன் எழுதின பத்து வரிக்கும் தேவை. அந்த இடத்தில் ஒரு விளம்பரம் போட்டிருந்தால் காசு வந்திருக்கும். பணத் தட்டுப்பாட்டிலேயே ஓடிய பத்திரிகை அது. இத்தனையும் தெரிந்துதான் சாரங்கபாணி மாணவர்களுக்கு இடம் ஒதுக்கினார்.

பொறியியல் மாணவனாக எனக்கு இது நல்லா புரியுது. எந்த இயந்திரத்திலும் எதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், அதைச் செய்தவர் எதை முக்கியமாக நினைத்தார் என்று தெரிந்துவிடும்.

இடம் கொடுத்தால் மட்டும் போதாது. வருகிற எழுத்தை உட்கார்ந்து படித்துத் திருத்த ஆள் வேணும். அதற்கு நல்ல ஆட்களைச் சாரங்கபாணி பக்கத்தில் வைத்திருந்தார். வை. திருநாவுக்கரசு அப்போது அங்கே இளம் துணையாசிரியர், மாணவர் பகுதியை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்காலத்தில் அவரே தமிழ் முரசின் ஆசிரியராகவும் ஆனார். தமிழ்நாட்டில் பொன்னி இதழை நடத்திய முருகு சுப்பிரமணியனும் 1950-களில் முரசில் சேர்ந்தார். பின்னாளில் கோலாலம்பூரில் தமிழ் நேசனின் ஆசிரியராக இருந்து அவர் ஊக்கப்படுத்திய எழுத்தாளர்கள் ஏராளம். இவர்கள் எல்லாம் பள்ளிக்கூட வாத்தியார்கள் இல்லை. நாளிதழ் வேலை தலைக்கு மேல் கிடந்தபோதும் நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளின் தமிழைப் பார்த்த தொழில்முறைப் பத்திரிகைக்காரர்கள்.

சாரங்கபாணி ஒருவரே எல்லாம் செய்தார் என்று சொன்னால் அதுவும் சரியில்லை. 1950-இல் தமிழ் நேசன் கதை வகுப்பு நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகை வழியாகவே கதை எழுதக் கற்றுக் கொடுத்தாங்க. ஒரு பத்திரிகை செய்வதைப் பார்த்து இன்னொன்றும் செய்தது. அந்தப் போட்டியில் லாபம் அடைந்தவர்கள் இளைஞர்கள்தான்.

மணிமன்ற மலரில் எழுதின பிள்ளைகள் எழுதுவதோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர் மன்றம் அமைத்துக் கூடினாங்க, பேசினாங்க, விழா எடுத்தாங்க. நம் நாட்டில் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. அதன் வேர் அந்த மாணவர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு செய்தித்தாளின் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் இயக்கமே முளைத்து வந்திருக்கிறது.

எங்க தாத்தா அப்போ கெடாவில் ஒரு தோட்டத்தில் சின்னப் பையன். பொங்கலைப் பற்றி எட்டு வரி எழுதி அனுப்பினாராம். பல வாரம் கழித்து அச்சில் வந்ததாம். எட்டு வரியில் மூன்று வரி மாறியிருந்ததாம். தன் பேரைப் பார்த்துச் சந்தோசப்பட்டதைவிட, எந்த இடத்தில் ஏன் மாற்றினார்கள் என்று யோசித்ததுதான் தாத்தாவுக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. சின்ன ரவும் பெரிய றவும் எங்கே வரும் என்று அன்றைக்குத்தான் புரிந்ததாம்.

கடைசி வரை

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, அங்கே தமிழா சமஸ்கிருதமா என்ற கேள்வி எழுந்தது. உழைத்து இந்த நாட்டை உருவாக்கிய மக்களின் மொழி தமிழ், அதற்குத்தான் முதலிடம் என்று சாரங்கபாணி தன் பத்திரிகை வழியாக வாதாடினார். 1956-இல் துறை தொடங்கியது, தமிழுக்கு அங்கே இடம் கிடைத்தது. துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத தொழிலாளர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தாங்க. இன்றைக்குக் கோலாலம்பூரில் அந்தத் துறையில் படிக்கிற மாணவருக்கு இது தெரியணும்.

1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் தயங்காமல் பதிந்துகொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்.

எல்லாம் வெற்றியாகவே முடிந்த வாழ்க்கை இல்லை இது. 1963-இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் தமிழ் முரசு ஏறக்குறைய ஓராண்டு நின்றுபோனது. தொழிலாளிக்காகக் குரல் கொடுத்த பத்திரிகையின் வாசலிலேயே வேலைநிறுத்தம் என்றால் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும். ஊழியர் பக்கமும் பசி இருந்திருக்கும். பிறகு முரசு மறுபடியும் வெளிவந்தது.

1974 மார்ச் 16-ஆம் தேதி, 70 வயதில் சாரங்கபாணி காலமானார். மக்கள் அவரைத் தமிழவேள் என்று அழைத்தார்கள். அவர் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது.

நமக்கு என்ன?

படித்து முடித்ததும் என் பையில் கிடந்த அந்தச் சிவப்பு மைக் கட்டுரைதான் ஞாபகம் வந்தது. ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து என் தமிழை வரி வரியாகப் படித்திருக்கிறார். நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன். தாத்தா எட்டு வயதில் செய்ததை என்னால் இருபத்திரண்டு வயதில் செய்ய முடியவில்லை.

நம் பட்டறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முதல் கட்டுரையோடு நிறுத்திவிட்டோம். காணொளி எடுக்க எல்லாரும் கை தூக்கினோம், தமிழில் எழுத ஆறு பேர்கூட இல்லை. சொல்லிக் கொடுப்பவர்கள் எத்தனை வருசத்துக்கு வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசுவாங்க? மணிமன்ற மலர் நிலைத்ததற்குச் சாரங்கபாணி இடம் கொடுத்தது ஒரு காரணம். தபால் தலை வாங்கி, திருத்தினாலும் பரவாயில்லை என்று மறுபடியும் மறுபடியும் எழுதி அனுப்பிய பிள்ளைகள் இன்னொரு காரணம். நம் இதழிலும் இளையோர் பக்கம் இருக்கு. போன இரண்டு இதழில் அதை நிரப்பப் பொறுப்பாளர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

நான் போன வாரம் தண்ணீர்ப் பந்தல் அண்ணன்களைத் தேடிப் போய்ப் பேசினேன். அண்டா கழுவினது யார் என்று இப்போ எனக்குத் தெரியும். திருத்தி எழுதி அந்தப் பத்திரிகைக்காரருக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் திரும்பி வந்தது. சிவப்பு மை இன்னும் இருக்கு, ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த இதழுக்குள் முடித்துவிடுவேன். நீங்களும் ஒன்று எழுதி அனுப்புங்க.